அடைப்பில்லாத வலி

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. புது டாக்டரம்மா. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை; இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் திடீரென்று இறுக்கிக்கொள்கிறது, விடிகாலை நெஞ்சுவலி அதனால்தான் என்றார். பழைய டாக்டர் கொடுத்த, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இதற்கு ஆகாதாம். படிப்படியாக நிறுத்த வேண்டும். பதிலுக்குக் குழாயைத் தளர்த்த இரண்டு. வலி வந்தால் நாக்கடியில் வைக்கத் தனியாக ஒன்று.

என் வீட்டுக்காரர் வாசலில், தான் ஓட்டும் ஷேர் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். வந்து சொன்னதும், "அடைப்பு இல்லல்ல? அப்ப வெறும் கேஸ் டிரபிள்தான்" என்றார்.

13, வியாழன்

தலைவலி. புது மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகக் குறையுமாம். கால் வேறு வீக்கம். செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை போகவில்லை. மண்ணூர்பேட்டை கம்பெனியில் எனக்குப் பேக்கிங், நின்றுகொண்டே வேலை. காலை ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசர் லோகுவிடம் கேட்டேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தான்.

"நார்மல்னு போட்டுகீதுக்கா. மேல நான் இன்னான்னு சொல்றது?"

அவன் கேட்டதிலும் தப்பில்லை.

சீரகம், சோப்பு வாங்க மறந்தேன்.

15, சனி

தலைவலி தருகிற மாத்திரையை நேற்று போடவில்லை. ஒரு ராத்திரியாவது தூங்கலாமென்று. நன்றாகவே தூங்கினேன். விடிகாலை பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போது பிடித்துக்கொண்டது. நெஞ்சு, தாடை, இடது கை. உடம்பெல்லாம் வியர்வை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். இவர் பல் துலக்கிய நுரை வாயோடு ஓடி வந்து, மாத்திரையைத் தேடி எடுத்து நாக்கடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது.

"இவ்ளோ வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

சொல்லிக்கொண்டேதானே இருந்தேன்.

அப்படியே வேனில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டவில்லை. தாங்க முடியாவிட்டால் வந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். ஒன்றின் அளவைக் குறைத்தார். இன்னொன்றைப் படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றினார். கிளம்பும்போது இவர்தான் கேட்டார்.

"காலைல வேலைக்கு அனுப்பக் கூடாதுன்னு எழுதிக் குடும்மா. நார்மல்னு கீறதால ஒருத்தனும் நம்ப மாட்றான்."

அந்த ஒருத்தனில் இவரும் உண்டு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

18, செவ்வாய்

மழை விட்டது. லோகு மதிய ஷிப்ட் போட்டுவிட்டான். தலைவலி பாதி. கால் வீக்கம் அப்படியே. காலையில் வலி வரவில்லை. இவர் முதல் டிரிப்புக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருவேற்காட்டில் ஆட்கள் நிற்பார்கள், போங்கள் என்றேன்.

"விடியட்டும்" என்றார்.

விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.