சுலபமான ஊர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பத்திரமாக வந்து சேர்ந்தேன், கொஞ்சம் சுற்றிக்கொண்டு. மாமாவின் இருமல் இப்போது தேவலையா?

சுற்றிய கதையைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. பஸ் நிலையத்தில் டிக்கெட் கேட்கும்போது வழக்கம்போல எனக்குத் திக்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர வேண்டிய ஊரின் முதல் எழுத்தே தொண்டையைத் தாண்டவில்லை. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பதற்றத்தில், வாய்க்குச் சுலபமாக வந்த வேறோர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டேன். டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள், பஸ்ஸும் கிளம்பிவிட்டது. நீ கூட வந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காதுதான்.

அந்த ஊரில் போய் இறங்கினால், அன்றைக்குத் திரும்ப பஸ் இல்லை. எதிரே இருந்த லாட்ஜில் அறை கேட்டேன். அதை நடத்தும் அம்மா துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டே, என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். தையல் மெஷின் ரிப்பேர் என்று சொல்ல வந்து, பாதியில் திணறி, வேண்டாம் விடுங்கள் என்று கையசைத்தேன். "எனக்கொண்ணும் அவசரமில்லப்பா, நீ சொல்லி முடி" என்றார். முடித்தேன். அத்தோடு நிற்கவில்லை. மாமாவின் கடை, உன் சமையல், பக்கத்து வீட்டுச் சண்டை என்று கதை கதையாக அளந்தேன். இத்தனை வருஷமும் நான் பேச்சு வராதவன் என்றே நினைத்திருந்தேன். இல்லை அக்கா, நான் பெரிய வாயாடி. எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. அம்மா போன பிறகு எனக்கு வாயாக இருந்தவள் நீ. நாலு பேர் முன்னால் நான் கூனிக்குறுகக் கூடாதென்று முந்திக்கொண்டு பேசினாய். ஆனால் முதுகுவலி என்று டாக்டரிடம் போனபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ முழங்கால் என்று முடித்துவிட்டாயே. ஒரு வாரம் முழங்காலுக்குக் களிம்பு தடவினேன்.

மறுநாள் சரியான ஊரின் பெயரைச் சொல்லியே டிக்கெட் வாங்கினேன். வரிசையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நின்றேன். தாமதமாக வந்ததற்கு முதலாளி முறைத்தார். நடந்ததைச் சொன்னேன். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் கேட்டார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். வேலை நிலைக்குமா, தெரியாது.

என்னைப் பற்றி அவரிடம் எடுத்துச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருக்கிறாய். வராதே அக்கா. கோபித்துக்கொள்ளாதே. நீ வந்தால் அவர் உன்னிடம்தான் பேசுவார். நான் பழையபடி பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

அன்று காலை நானே போன் செய்கிறேன். ஆமாம், நான்தான், முதல் தடவையாக. எடுத்ததும் சத்தமே வராது. யாரோ என்று வைத்துவிடாதே. அக்கா என்று கூப்பிடத்தான் முயன்றுகொண்டிருப்பேன். நான் கூப்பிட்டு முடிக்கும்வரை நீ ஒன்றும் பேசாமல் காத்திரு.

என்றும் உன் பிரியமுள்ள,
தம்பி