ஷெட் வாசலில் மூன்று மணல் வாளிகள்

மார்ச் 3, திங்கள்

இன்று இரண்டாவது டிரம்மும் வந்து இறங்கிவிட்டது. நான் படுப்பது மாடியில். என் கட்டிலுக்கு நேர் கீழே மகளுடைய மெக்கானிக் ஷெட். ஷெட்டின் மூலையில் இரண்டு டிரம் எத்தனால், வண்டிக்கு ஊற்றுகிற சாராயம். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வான் ஒருவன் என்பார்கள். நான் அதைத் தலைக்கு வைத்தே படுக்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசப் பேச இந்த போன் எழுதிக்கொள்கிறது, பொத்தானை அழுத்தினால் திரும்பப் படித்தும் காட்டுகிறது. மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளைப் பற்றிய புகாரைக் கேட்க வேறு ஆள் இல்லாததால் இதனிடமே சொல்கிறேன்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். பெட்ரோல் காரை எத்தனாலில் ஓட மாற்றிக் கொடுப்பது தொழில். டாக்சி சங்கத்துக்காரர்கள் 22ஆம் தேதி வந்து பார்க்கப்போகிறார்கள். அவர்களுக்குப் பிடித்து வண்டிகளைக் கொடுத்தால் ஷெட் நிலைக்கும். பிடிக்கவில்லை என்றால் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

வீடு என் பேரில் இருக்கிறது. அந்த உரிமையில் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன்.

“ஒரு தடவை தீ பிடிச்சாலும் டிரம் ரெண்டும் வெளிய போயிடணும்.”

“சரிப்பா.”

இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் இல்லையே அவள்.

மார்ச் 5, புதன்

ஷெட் வாசலில் மூன்று வாளி மணல் வைத்தேன். நாற்பது வருஷம் பெட்ரோல் பங்கில் நின்றவன். மணல் வாளி கண்ணில் படாத இடத்தில் எனக்கு மூச்சு சீராக வராது.

டாக்சிக்காரன் ஒருவன் தினமும் வந்து உட்காருகிறான். எதைச் சொன்னாலும் ‘மைலேஜ் என்ன தரும்’ என்பான். அதனால் அவன் பெயரே மைலேஜ் ஆகிவிட்டது.

“என்ன பெரியவரே, குடிச்சிட்டு வண்டி ஓட்டினா பிடிக்கிறாங்க. வண்டியே குடிச்சிருந்தா யாரைப் பிடிப்பாங்க?”

“ஓசியில உட்கார்ந்து பேசறவனைப் பிடிப்பாங்க” என்றேன்.

மகள் காருக்கு அடியில் இருந்தபடியே, “அதைக் குடிக்க முடியாதுண்ணே, கசப்பு மருந்து கலந்துதான் அனுப்புறாங்க. வேணும்னா நாக்குல வெச்சுப் பாருங்க, பேச்சு குறையும்” என்றாள்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது வழக்கு ஆரம்பித்துவிட்டது.

“திங்கிற பொருளைக் காருக்கு ஊத்தறியே, அடுக்குமா?” என்று கேட்டேன்.

“இது கரும்புல சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற கழிவுப்பாகுல காய்ச்சினதுப்பா. உங்க தட்டுல கை வெக்கலை. நாளைக்கு எல்லாக் காருக்கும் இது வேணும்னா பாகு பத்தாது, அப்ப நிலத்துக்குச் சண்டை வரலாம். அதையும் நான் மறைக்கலை.”

“புகை?”

“இதுலயும் புகை உண்டு. ஆனா கரும்பு வளர்றப்ப உறிஞ்சினதைத்தான் பெரும்பாலும் திருப்பி விடுது. பெட்ரோல் அப்படியா? பூமிக்கடியில சும்மா கிடந்ததைத் தோண்டி மேல விடறோம்.”

“மைலேஜ்?” இதை நான் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குறையும். அதே டேங்க் நிறைய ஊத்தினா மூணுல ரெண்டு பங்கு தூரம்தான். ஆனா இன்ஜின் டக்டக்னு தட்டாது, இழுவை நல்லா இருக்கும். எல்லாத்துக்கும் மேல, இது கப்பல்ல வர வேண்டாம்.”

கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஒரு வருஷம் எங்கேயோ சண்டை, கப்பல் வரவில்லை, பங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. ஒரு மனுஷன் பிரசவ வலியில் துடிக்கிற மனைவியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். மஞ்சள் சட்டை, இடது பாக்கெட் கிழிந்திருந்தது. ஊரைச் சுற்றிக் கரும்பு ஆள் உயரத்துக்கு நின்ற வருஷம் அது. கரும்பு வயலில் நின்றது, கார் பங்கில் நின்றது.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிடுவாள்.

மார்ச் 13, வியாழன்

அவளுடைய காரில் என்னை உட்கார வைத்து ஒரு சுற்று அழைத்துப் போனாள். நன்றாகத்தான் ஓடியது. புகைக்குழாய் பக்கம் குனிந்து முகர்ந்தேன், அந்தப் பழைய தலைவலி வாடை இல்லை. திரும்பும்போது பாலத்தின் மேல் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தான்.

“ஃபில்டர் அடைச்சிடுச்சுப்பா. பெட்ரோல் இத்தனை வருஷம் டேங்க் அடியில விட்ட கசடையெல்லாம் எத்தனால் கழுவி இறக்குது. கழுவி முடிக்கிற வரைக்கும் இப்படித்தான்.”

“சங்கத்துக்காரங்க முன்னாடி நின்னா?”

அவள் இறங்கிப் போய் பானட்டைத் திறந்தாள்.

மார்ச் 17, திங்கள்

இன்றும் ஃபில்டர் மாற்றினாள். நேற்றும்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் கனவில் வந்தான்.

அவனும் பங்கில்தான் வேலை செய்தான். ஒரு மத்தியானம் ஹோஸ் கழன்று பெட்ரோல் தரையில் ஓடித் தீப்பிடித்தது. எதிர்க்கடைக்காரர் பதறி ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். நெருப்பு தண்ணீர் மேல் ஏறிக்கொண்டு, அண்ணன் நின்ற மூலைக்கே போனது. அவன் பிழைக்கவில்லை. ஊற்றியவர் நல்ல மனுஷன். சாகும் வரை எங்கள் வீட்டுப் பக்கம் முகம் காட்டவில்லை.

மார்ச் 20, வியாழன்

நிதானமாச் சொல்றேன்.

மத்தியானம். நல்ல வெயில், ஷெட் வாசலில் கார். மகள் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எத்தனால் வரும் குழாயின் வாயைத் திறந்து வைத்துக் குனிந்திருக்கிறாள். மைலேஜ் சும்மா இருக்க முடியாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தான். “ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டா தங்கச்சி?” என்றான். அவள் வேண்டாம் என்பதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான். திறந்த குழாயிலிருந்து எத்தனால் பீச்சியடித்தது. எங்கேயோ ஒரு பொறி.

நெருப்பையே காணோம். அதுதான் கொடுமை. மகள் வலது கையை உதறுகிறாள், பின்னால் நகர்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தேன். கார் பெயின்ட் தானாகக் கொப்புளிக்கிறது. தரைக்கு மேல் காற்று மட்டும் நெளிகிறது.

மணலைத் தூக்கினேன். எங்கே கொட்டறது? எங்கே இருக்குது அது? ஒரு வாளியைக் கொட்டினேன், வெறும் தரையில் போய் விழுந்தது.

மைலேஜ் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, கார் கழுவ வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் வாளியை முக்கித் தூக்கினான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஊத்தாதே, ஊத்தாதேடா” என்று கத்துகிறேன். என் கண்ணில் அண்ணன் நின்ற மூலை.

“அப்பா, விடுங்க. இது தண்ணியில கரையும். ஊத்தச் சொல்லுங்க.”

விட்டேன். எப்படி விட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. முதல் வாளி அவள் கையில், அடுத்தது இன்ஜினில், அதற்கடுத்தது தரையில். நெருப்பு மிதந்து வரும் என்று என் பாதம் தானாகப் பின்னால் போனது. எதுவும் வரவில்லை. தண்ணீர் மட்டும் என் செருப்பை நனைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

அவள் வலது கை முழங்கை வரை வெந்திருக்கிறது. ஆறிவிடும் என்கிறார் டாக்டர். நான் பிடித்து நிறுத்திய நேரத்தில் எவ்வளவு வெந்தது?

மார்ச் 21, வெள்ளி

காலையில் கட்டுப் போட்ட கையோடு மாடிக்கு வந்தாள்.

“சொன்ன சொல் சொன்னதுதான்பா. டிரம்மை எடுக்க ஆள் வரச் சொல்லட்டுமா?”

“கை வலிக்குதா?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“நாளைக்கு அவங்க வந்துட்டுப் போகட்டும்.”

படியில் இறங்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 22, சனி

சங்கத் தலைவர் நாலைந்து பேரோடு வந்தார். கொப்புளித்த பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“பெரியவரே, பங்குல இருந்தவர் நீங்க. தீ பிடிச்சுதாமே?”

மகள் என் முகத்தையே பார்க்கிறாள். மைலேஜ் தன் செருப்பைப் பார்க்கிறான்.

“பிடிச்சுது. பகல்ல கண்ணுக்குத் தெரியாது, அது பெரிய ஆபத்து. ஆனா தண்ணியில அணைஞ்சுது. பெட்ரோலா இருந்தா நான் இங்க நின்னு பேச மாட்டேன், என் மகளும் நிக்க மாட்டா.”

தலைவர் காரை ஓட்டிக் காட்டச் சொன்னார். நேற்று அவள் சொல்லச் சொல்லப் புது ஃபில்டரை மாட்டியவன் மைலேஜ். ஒற்றைக் கையோடு அவளால் முடியாது என்று அவனே ஓட்டினான். பாலத்துக்குப் போய்த் திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். கார் நிற்காமல் திரும்பி வந்தது.

“முதல்ல எங்க வண்டி அஞ்சை மாத்துங்க. ஆறு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு மத்ததைப் பேசலாம்” என்றார். அவள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. ஷட்டரை இறக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

டிரம்மைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

அன்றைக்கு நான் கொட்டிய வாளி இன்னும் காலியாகவே கிடந்தது. குழாயடிக்கு எடுத்துப் போய்த் தண்ணீர் பிடித்து, டிரம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மகள் பார்த்தாள்.

மற்ற இரண்டு வாளியும் மணலாகவே இருக்கட்டும். மைலேஜ் இன்னும் பெட்ரோல் வண்டியில்தான் வருகிறான்.