ஆறு நிமிட முன்ஜி

2 மார்ச் 2025, ஞாயிறு

முதல் நோன்பு. காப்பி குடிக்காத முதல் நாளிலேயே தலைவலி வராதது இந்த முப்பத்து நாலு வருடத்தில் இரண்டாம் முறை. உடம்பு இன்னும் சொன்னபடி கேட்கிறது. குரலும்.

இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. 1991-இல் எங்கள் ஊர் வானொலியில் முதல் செய்தி வாசித்தவள் நான். எனக்குப் பிறகு செய்தி வாசிக்க ஆளே இல்லாமல் போகாது என்பது தெரியும். ஆனால் என்னைப் போல் வாசிக்க ஆள் குறைவு. இதை வெளியில் சொன்னால் திமிர் என்பார்கள். இங்கே எழுதலாம்.

இயக்குநர் கூப்பிட்டார். முதல் ஒலிப்பதிவு அறைக்கு என் பெயர் வைக்கிறார்களாம். பித்தளைப் பலகை தலைநகர் தூனிஸிலிருந்து வந்துவிட்டது, பெட்டியில் இருக்கிறது. பார்க்கிறாயா என்றார். வேண்டாம் என்றேன். பிறகு பார்த்தேன். ரஃபீக்கா துரைக்கி. எழுத்துப் பிழை இல்லை.

4 மார்ச், செவ்வாய்

நிலையத்தின் இளம் தயாரிப்பாளர் இமென் என் விடைபெறும் நிகழ்ச்சியைத் தயாரிக்கிறாள். 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. எல்லா வீட்டிலும் அடுப்பில் ஷொர்பா சூப் கொதிக்கும், பக்கத்தில் ரேடியோ பாடும், அந்த நேரம். பதிவு செய்வாயா, நேரலையா என்று கேட்டேன்.

"நேரலைதான் மேடம். உங்க பேச்சை வெட்ட எனக்குத் தைரியம் கிடையாது."

கேள்விகளைக் கொடுத்தாள். பதினொன்று. பத்துக்குத் தூக்கத்தில் பதில் சொல்வேன். ஏழாவது: 'இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?' இதற்கும் ஒரு பதில் உண்டு. 1998-இல் முந்தைய நாள் வானிலை அறிக்கையை எடுத்து வாசித்துவிட்டேன். வெயில் என்றேன், கொட்டித் தீர்த்தது. எப்போது சொன்னாலும் சிரிப்பார்கள்.

நோன்பு திறக்க உட்கார்ந்தோம். தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன்பே பேரீச்சைத் தட்டை நோக்கிக் கை போனது, எனக்கு. கணவர் லம்ஜெத் கையைத் தட்டினார்.

"என்ன, முன்ஜி வீட்டு ஆளா நீ?"

எங்கள் ஊரில் அவசரப்படுகிறவர்களை எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்கின்றன. முன்ஜி என்று ஒருவர் நிஜமாக இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. என் கணவர் முப்பத்தொரு வருடமாக என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார். நானும் சிரிக்கிறேன்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாவது கேள்விதான் காரணம்.

6 மார்ச், வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன். எங்கேயும் எழுதியதில்லை.

1994 ரமலான், பதின்மூன்றாம் நோன்பு. மேகம் மூடிய நாள், சூரியன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கை ஒலிநாடாவில் வைத்திருப்போம். அறிவிப்பாளர் உள்ளே கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தொழில்நுட்பப் பணியாளர் அந்தக் கையைப் பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். நேரம் தூனிஸிலிருந்து தாளில் வரும். நாங்கள் மேற்கே இருக்கிறோம், இங்கே சூரியன் பிந்தி மறையும். ஆகவே ஆறு நிமிடம் கூட்டி, வாரத்துக்கு ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுவது என் வேலை.

அந்த வாரம் மூன்று நாள் தூனிஸில் இருந்தேன், தலைநகர வானொலியில் வேலைக்கு நேர்காணல். திரும்பி வந்ததும் அட்டை எழுதினேன். மனசு இன்னும் அங்கேயே. தாளில் இருந்ததை அப்படியே எழுதினேன். கூட்டவில்லை.

18:08-க்குக் கையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்ஜி அமுக்கினார். ஊர் முழுவதும் மோர் குடித்தது, பேரீச்சை தின்றது, ஷொர்பாவில் கரண்டி போட்டது. 18:14-க்குப் பள்ளிவாசல் கோபுரங்களில் நோன்பு திறக்கும் நேரத்தைக் காட்டும் விளக்கு எரிந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து கடைசி ஆறு நிமிடத்தில் ஒரு ஊரே நோன்பை முறித்திருந்தது. பெருநாள் கழித்து எல்லோரும் இன்னொரு நாள் நோன்பு பிடித்து ஈடு கட்டினார்கள். நானும்.

விசாரணை நடந்தது. கேட்டது ஒரே கேள்வி: பொத்தானை அமுக்கியது யார்?

முன்ஜி "நான்" என்றார். அது உண்மைதானே.

கையைத் தூக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அட்டையைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் அவரை மலைமேல் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் என்னை அறிவிப்பாளர்களுக்குத் தலைவியாக்கினார்கள்.

7 மார்ச், வெள்ளி

அந்தப் பதவிக்கு நான் தகுதியானவள்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அன்றும் இல்லை. ஆனால் அந்த அட்டையைக் காட்டியிருந்தால் கொடுத்திருப்பார்களா?

மாட்டார்கள்.

தூனிஸிலிருந்து வேலைக் கடிதம் வந்தபோது வேண்டாம் என்று எழுதினேன். ஊர்ப்பாசத்தால் தங்கினாள் என்று இன்றும் மேடையில் சொல்கிறார்கள். ஊர்ப்பாசம் பாதி. மீதிப் பாதி, போனால் ஓடிப்போன மாதிரி இருக்குமே என்பது. யாரும் துரத்தாதபோது!

9 மார்ச், ஞாயிறு

ஆவண அறைக்குப் போனேன். 1994 பதிவேடு இருக்கிறது. அந்த நாள் வரியில் முன்ஜியின் கையெழுத்து: 'பாங்கு, 18:08, அறிவிப்பாளர் சைகைப்படி.'

சைகைப்படி. எழுதியே வைத்திருக்கிறார். விசாரித்தவர்கள் பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். நான்கூட இன்றுவரை புரட்டவில்லை.

14 மார்ச், வெள்ளி

முன்ஜி வீட்டுக்குப் போனேன். எழுபத்து நாலு வயது, காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை. வாசலில் நின்று யாரையோ கார் நிறுத்த விடாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு, ரஃபீக்காவா? செய்தி வாசிக்கற நேரத்துல இங்க என்ன பண்றே? எவனாவது செத்துட்டானா?"

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. 28-ஆம் தேதி நேரலையில் உண்மையைச் சொல்லப்போகிறேன் அண்ணா, உங்களிடம் முதலில் சொல்ல வந்தேன் என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம்கூட வந்தது.

"பைத்தியமே, கண்ணாடிக்குப் பின்னால நின்னு அடுத்தவங்க கையைப் பாத்துக்கிட்டே இருக்கற வேலை எனக்குப் பிடிக்கவே இல்ல. மலைக்கு மாத்துங்கன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன். குடுக்கல. கடைசில தண்டனையாக் குடுத்தாங்க. பத்தொம்பது வருஷம் மேல இருந்தேன். பனி விழுந்து பாதை அடைச்சா நான்தான் அங்க ராஜா. உன் குரலை ஊருக்கெல்லாம் அனுப்பினது யாருன்னு நெனச்சே?"

அப்படியானால் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். கேட்ட விதத்தில் ஒரு நிம்மதி இருந்திருக்கும். அவர் கவனித்துவிட்டார். சிரிப்பு நின்றது.

"கடிகாரத்தைப் பாத்தேன் அன்னைக்கு. சீக்கிரம்னு தோணிச்சு. உன் கையையும் பாத்தேன். உன் கையை நம்பினேன்."

மடியில் கிடந்த என் கையைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் பொண்ணு சாமியா — அப்ப பத்து வயசு. பள்ளிக்கூடத்துல தெனமும் அழுவா. 'ஆறு நிமிஷம் வர்றா பாரு'ம்பாங்களாம். இப்ப சூஸாவுல மருந்துக்கடை வச்சிருக்கா. நோன்பு மாசத்துக்கும் பெருநாளைக்கும் மட்டும் இந்த ஊருக்கு வரமாட்டா. சொல்றதுன்னா அவளுக்கு ஒரு வரி சொல்லு. மத்தவனுக்கெல்லாம் என்ன, நாலு நாள் சிரிப்பான்."

"அவளிடம் நீங்கள் சொல்லவே இல்லையா?"

"சொன்னேன். நம்பல. அப்பன் சாக்குச் சொல்றான்னுட்டா."

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன். அழவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவருக்கு மலை பிடித்திருந்தது என்பது அவர் அதிர்ஷ்டம். அதில் என் புண்ணியம் எதுவும் இல்லை.

17 மார்ச், திங்கள்

பித்தளைப் பலகையை நினைத்தேன். அதை மாட்டிய பிறகு சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

22 மார்ச், சனி

இமெனிடம் சொன்னேன், ஏழாவது கேள்விக்குப் பதில் மாறும் என்று. சொல்லச் சொல்ல அவள் முகம் போன போக்கு!

"மேடம், இயக்குநருக்குத் தெரியுமா?"

"ரேடியோ வைத்திருக்கிறார் இல்லையா, கேட்கட்டும்."

28 மார்ச், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

நிகழ்ச்சி நன்றாகவே போனது. 1991-இன் முதல் செய்தி, வெள்ள நாளில் கார் பேட்டரியில் ஒலிபரப்பியது, எல்லாம் பேசினேன். என் வேலையை நான் நன்றாகச் செய்தேன், அதில் இஷ்டப்பட்டு வாழ்ந்தேன் என்றும் சொன்னேன். குறைத்துப் பேச எனக்கு வராது.

5:37-க்கு ஏழாவது கேள்வி. இமெனின் குரல் நடுங்கியது, என் குரல் நடுங்கவில்லை. எந்த நாள், எந்த அட்டை, எத்தனை நிமிடம், யார் கை. பதிவேட்டு வரியை வாசித்தேன். பிறகு: "முன்ஜி அவர்கள் தன் வேலையைச் சரியாகச் செய்தார். தவறு என்னுடையது. விசாரணையில் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய தவறு. சாமியா, நீ கேட்டுக்கொண்டிருந்தால், உன் அப்பா உன்னிடம் சொன்னது உண்மை."

நான்கு நொடி மௌனம். வானொலியில் நான்கு நொடி ரொம்ப நீளம். நான் நிரப்பவில்லை.

வீட்டுக்கு வந்தேன். லம்ஜெத் அடுப்படியில் பிரிக் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்பார் என்று காத்திருந்தேன்.

"முப்பத்தொரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன்," என்றார். "எனக்கு எதிர்ல உக்காந்து ஷொர்பா குடிச்சியே நீ."

"ஆமாம்."

"உப்பு சரியா இருக்கா பாருன்னு சொல்ல முடியல, நோன்பு. நீயே வந்து பொரி."

நான் பொரித்தேன். படுக்கப் போகும் முன் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

29 மார்ச், சனி

இயக்குநர்: பலகை மாட்டுவது 'இப்போதைக்கு இல்லை'. புரிந்தது. பெட்டி அவர் அலமாரிமேல் இருக்கிறது.

சாமியா நிலையத்துக்கு போன் செய்து ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினாளாம். என்னோடு பேசுகிறாயா என்று இமென் கேட்டதற்கு வேண்டாம் என்றாளாம். சரி. அது அவள் உரிமை.

முன்ஜியும் கூப்பிட்டார். "காப்பிக் கடையில எனக்கு இருந்த ஒரே பேரையும் பிடுங்கிட்டியே! இனிமே என்னத்தைச் சொல்லிப் பெருமை அடிக்கறது? ... சாமியா பெருநாளைக்கு வர்றாளாம். வச்சிடறேன்."

30 மார்ச், ஞாயிறு

கடைசி நோன்பு. கடைசி வேலை நாள். நாலு மணிச் செய்தி வாசித்தேன், பிழையில்லை. சாவியைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், பையை எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பினேன்.

6:20-க்கு இனிப்புக் கடை. பெருநாளைக்கு முந்தைய கூட்டம். எனக்கு முன்னால் நின்ற தடி மனிதர், சூடான ஸ்லாபியா தட்டில் இருந்து ஒரு துண்டை மறதியாக எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் கரண்டியாலேயே அவர் கையைத் தட்டினார்.

"என்ன மச்சான், ரஃபீக்கா வீட்டு ஆளா?"

கடையே சிரித்தது. அப்புறம் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். சிரிப்பு ஒவ்வொருவராக அணைந்தது. கடைக்காரர் கரண்டியோடு நின்றார், முகம் சிவந்துவிட்டது.

"ஒரு கிலோ போடுங்க," என்றேன். "அந்த வீட்டுக்குத்தான்."