தகடில்லாத பேட்டரி

தம்பிக்கு,

நான் உருவாக்கிய பேட்டரியை உன் பெயரில் விற்கிறாய், நன்றாக இரு. "எங்க அண்ணனுக்கு எதுலயும் நொட்டை சொல்லணும், அதான் கம்பெனியை விட்டே அனுப்பிட்டோம்" என்று விழா மேடையில் நீ சிரித்ததைக் கேட்டுக் காது குளிர்ந்தது.

ஆய்வகத்தில் அது உப்பாமல் இருந்ததற்குக் காரணம், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே அதை இறுக்கி வைத்திருந்ததுதான். விலை குறைய வேண்டுமென்று நீ தகடுகளை எடுத்துவிட்டாய். நேற்று என் வீட்டுக் கொட்டகையில் தகடில்லாமல் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். உப்பி வெடித்து, மேசை கரியாகிவிட்டது.

என் போனை நீ எடுப்பதில்லை. விற்றதையெல்லாம் திரும்பப் பெறச் சொன்னால் பொறாமை என்பாய்.

விளம்பரப் படத்துக்காக உன் மகள் கட்டிலருகே சுவரில் ஒரு பேட்டரியை மாட்டினாயே, அதையாவது இன்றே கழற்று. நீ தோற்க வேண்டுமென்று நான் நினைக்காத நாளில்லை, இப்படி வேண்டாம்.

அண்ணன்