ஒப்பாரிக்கு இரண்டு பெட்டி

17.2.1999, புதன்

காலையில் உளுந்து காயப் போட்டேன். பேத்தி பானுப்ரியா பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் சாவு வீட்டுக்குக் கூப்பிட ஆள் வந்தது. வழக்கம்போல நானும் சம்பூர்ணமும் கண்ணகியும் போனோம். பெரிய வீடு. செத்தது எண்பது வயதுக் கிழவி. கடைசி மூன்று மாதம் அவளை மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். அந்தத் தெருவுக்கே தெரியும்.

மைக் செட் வைரக்கண்ணுவுடையது. இந்தப் பக்கம் இருபது ஊருக்கும் அவன் ஒருத்தன்தான். நான் பாடினேன்:

ஆறு பசு கறக்கும் – அம்மாளே
அரமண வாசலிலே
மோருக்குக் கை நீட்டி – அம்மாளே
மூணு நாள் நின்னியே

அடுத்த அடி என் வாயிலிருந்து வந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பறைச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணகிக்கே கேட்கவில்லையாம். திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டு மூத்த மகன் வைரக்கண்ணுவின் தோளில் கை போட்டு நிற்கிறான்.

"என்னடா ஆச்சு?"

"பியூஸ் போயிருச்சு ராசாத்தி. பழைய மிசினு."

பியூஸ் போனால் சிவப்பு விளக்கு எப்படி எரியும்? எரிந்ததே. அவன் கட்டைவிரல் சுவிட்சு மேலேயே இருந்ததே. எனக்கென்ன கண் அவிஞ்சா போச்சு?

இது மூன்றாவது தடவை. 1976 ஆடி மாதம், சாவுக்கு இது போதும் என்று கிழிந்த குழாய் ஸ்பீக்கரைக் கட்டினான். 1988 தை மாதம், என் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு சினிமாப் பாட்டுப் போட்டான். இன்றைக்கு இது. மூன்றையும் எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டாலும் மறக்க மாட்டேன்.

செத்தவள் வாய் திறந்து சொல்ல முடியாததை நாங்கள் சொல்கிறோம். அதற்குத்தானே கூப்பிடுகிறார்கள். அதை ஒரு கட்டைவிரல் நிறுத்திவிடும் என்றால் நான் எதற்கு? இனி அவன் மைக்கில் பாட மாட்டேன்.

18.2.1999

உளுந்து காய்ந்துவிட்டது. என் வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

27.2.1999, சனி

சொந்தமாக செட்டு வைப்பது என்று மூன்று பேரும் பேசி முடித்தோம். கண்ணகியின் தம்பி துபாய் போகும்போது ஆம்ப்ளிபயரையும் மைக்கையும் அவள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இல்லாதது ஸ்பீக்கர்தான். புதுசுக்கு நமக்கு வக்கில்லை. பழசுதான் பார்க்க வேண்டும்.

"ஒனக்கு ஸ்பீக்கரப் பத்தி என்னா தெரியும்?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

தெரியும். இருபத்தைந்து வருசம் வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கர் வந்தால் முதலில் மோந்து பார்ப்பான். உள்ளே கம்பி சுற்றின காயில் கருகியிருந்தால் தீய்ந்த வாடை வரும். அப்புறம் சத்தம் அதிர்கிற அந்தக் குவிந்த பேப்பரில் இரண்டு கையையும் சமமாக வைத்து மெதுவாக அமுக்குவான். உள்ளே சரசரவென்று உரசினால் வேண்டாம் என்பான். பெட்டியைத் தட்டிப் பார்ப்பான், பலகை விட்டிருந்தால் சத்தம் பிளந்து வரும். அவன் எனக்குச் செய்த கெடுதல் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும்போது இது மட்டும் எப்படி மறக்கும்?

5.3.1999, வெள்ளி

பெரம்பலூர் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்லப்பன் என்பவர் பழைய மைக் சாமான் விற்கிறார். இரண்டு குழாய் காட்டினார். மோந்தேன், தட்டினேன். அவர் சிரித்தார். "ஆத்தா என்னா, தர்ப்பூசணியா வாங்க வந்துச்சு?"

ஒரு பாட்டுக் கேசட் போட்டார். கணீரென்றுதான் இருந்தது. ஆனால் கேசட்டில் பாடுகிறவளுக்கு மூச்சு வாங்குவதில்லையே. ஒப்பாரி அப்படியில்லை. உச்சியில் ஏறி நின்று, அங்கேயே உடைந்து, விம்மலோடு தரைக்கு இறங்கும். அந்த விம்மல் வெளியே வராத ஸ்பீக்கர் எங்களுக்கு எதற்கு? நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாடிப் பார்த்தேன். எதிலும் பிடிபடவில்லை. சரி என்று மைக்கைக் கிட்டே இழுத்து, "என்னப் பெத்த தாயே" என்று ஒரு இழுப்பு இழுத்தேன்.

செல்லப்பனின் சம்சாரம் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அய்யய்யோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடை வாசல்ல ஒப்பாரியா? யாரு வூட்டு எழவுக்கு வந்தீங்க?" சொம்புத் தண்ணீரை எடுத்து வாசலில் தெளித்தாள். பாதி எங்கள் மேல் விழுந்தது. சூடம் தேடிக்கொண்டு போனாள்.

சாவு விழாத வாசலில் ஒப்பாரி வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா? என் வீட்டிலேயே நான் பாடிப் பழகினதில்லை, காட்டுப் பக்கம் போய்த்தான். ஆனால் பாடிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? பாட விட்டு யார் விற்பான்? இந்த முடிச்சு இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, அந்தக் குழாயில் என் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது. தண்ணீர் தெளித்தாளே, அதற்காக அவளை மன்னிக்க மாட்டேன். குழாய் வேண்டாம்.

14.3.1999

ஜெயங்கொண்டம் பக்கம் இரண்டு இடம். இரண்டு இடத்திலும் வாசலுக்குள்ளேயே விடவில்லை. செல்லப்பன் சொல்லிவிட்டானோ என்னவோ. இந்த மாதத்தில் இரண்டு சாவுக்குக் கூப்பிட்டார்கள், வைரக்கண்ணு செட்டு என்பதால் நான் போகவில்லை. சம்பூர்ணம் முணுமுணுக்கிறாள். இப்படியே போனால் அவள் போய்விடுவாள்.

21.3.1999, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும். கை வலித்தாலும் சரி.

லெப்பைக்குடிக்காட்டில் கவுஸ் என்ற பாய், மூடிப்போன டூரிங் டாக்கீஸ் சாமான்களை வாங்கி வைத்திருக்கிறார் என்று கண்ணகி கேட்டு வந்தாள். ஆம்ப்ளிபயரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். சவூதியில் பத்து வருசம் கரண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர், நல்ல மரியாதை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. தார்ப்பாயை விலக்கினார்.

இரண்டு பெட்டி. என் இடுப்பு உயரம். தேக்குப் பலகை, முகத்தில் சாக்குத் துணி போல ஒரு துணி. "ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னதும்மா. முப்பது வருசத்துக்கு மேல இருக்கும்" என்றார். பின் பலகையைக் கழற்றினார். கண்ணகி குனிந்து பார்த்தாள், அவள் ரவிக்கையில் தொங்கிய ஊக்கு பிடுங்கிக்கொண்டு போய் உள்ளே இருந்த காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. "அடி ஆத்தே!" என்று பின்னால் தாவினாள். என் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு காந்தம். எத்தனை வருசமாக யாரும் கேட்காமல் இருட்டில் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

மோந்தேன். மரவாடைதான். பேப்பரை அமுக்கினேன், தூங்குகிற குழந்தையின் நெஞ்சு மாதிரி இறங்கி ஏறியது. உரசல் இல்லை. ஒரு பேப்பரில் ஓட்டை அடைத்த ஒட்டு இருந்தது. கேட்டேன். "இருக்குங்கம்மா, மறைக்க மாட்டேன். எலி கடிச்சது. நாந்தான் ஒட்டுனேன்" என்றார். தானாக ஒப்புக்கொண்ட முதல் வியாபாரி.

அதனால் நானும் மறைக்கவில்லை. "பாய், ஒப்பாரி பாடித்தான் பாக்கணும். சகுனம் பாப்பீங்களா?"

"சகுனம் பாக்குறது எங்க மார்க்கத்துல இல்லங்க. ஆனா ஒப்பாரியும் இல்ல. மையத்து கெடக்குற வூட்ல சத்தம் போட்டு அழக் கூடாதும்பாங்க." தலையைச் சொறிந்தார்.

கொட்டகை வாசலில் அவர் சம்சாரம் ஜரீனா நின்றுகொண்டிருந்தது. "இங்க யாரு அழப் போறா? பொட்டியத்தானே சோதிக்கப் போறாங்க. பாடட்டும்" என்றது.

"யாருக்குப் பாட?" என்று கேட்டேன். செத்த ஆள் ஒன்று இல்லாமல் எனக்குப் பாட்டு வராது.

ஜரீனா வாசலை விட்டு உள்ளே வந்தது. "எங்கம்மாவுக்குப் பாடுங்க. கோரைப்பாய் முடைவாங்க. அவங்க மவுத்தானப்ப நான் பிள்ளை பெத்துப் படுத்திருந்தேன். மொகம் பாக்கல" என்றது.

"ஜரீனா" என்றார் கவுஸ்.

"பொட்டிதானேங்க" என்றது.

பாடினேன்.

கோரை அறுத்து வந்து – என்னப் பெத்தவளே
குளுர நனைய வச்சு
ஊருக்குப் பாய் முடைஞ்சு – என்னப் பெத்தவளே
ஒனக்கு விரிக்கலியே

பாடி முடித்து, எப்படி இருக்கு என்று கேட்டால் சம்பூர்ணம் இழுக்கிறாள்: "ஒவ்வொண்ணும் தனியா நல்லாருக்கு. ரெண்டும் சேந்தா என்னமோ கொறையுது." சம்பூர்ணம் காதை நான் நம்புவதில்லை. 1981-இல் என் கம்மலைப் பித்தளை என்றவள். அதற்குக் கவுஸ் ஒரு வழி செய்தார். என்னை மறுபடி பாடச் சொல்லி, சவூதியிலிருந்து கொண்டு வந்த டேப் ரிக்கார்டரில் பிடித்து, அதைப் பெட்டியில் போட்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என் குரலை வெளியே நின்று கேட்டேன்.

இவளா? இவளா இத்தனை வருசம் பாடினாள்? ஆனால் சம்பூர்ணம் சொன்னது நிஜம். ஒரு பெட்டிக்கு எதிரே நின்றால் இருக்கிறேன். மற்றதுக்கு எதிரே நின்றாலும் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே போய் நின்றால் குரலில் சதை இல்லை. ஓரத்தில் காற்று மட்டும் வீசுகிறது, நடுவில் ஆளைக் காணோம்.

"ரெண்டும் நல்ல கண்டிஷன்தானே" என்று கவுஸ் முழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். டார்ச்சு லைட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஒயர் இரண்டையும் அதில் தொட்டார். டொப். முதல் பெட்டியின் பேப்பர் முன்னால் வந்தது. அதே மாதிரி இரண்டாவதைத் தொட்டார். அந்தப் பேப்பர் பின்னால் போனது!

"பாத்தீங்களா? ஒண்ணு மூச்சு விடுறப்ப இன்னொண்ணு இழுக்குது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுருது. ஒட்டுப் போட்டப்ப ஒயர நாந்தான் மாத்தி மாட்டிட்டேன்."

அவ்வளவுதான். ஒரு பெட்டியில் இரண்டு ஒயரை இடம் மாற்றினார். டேப்பை மறுபடி போட்டார்.

எப்படி எழுதுவது? நடுவே, வெறும் மண் தரைமேல், யாருமே இல்லாத இடத்தில், ஒருத்தி நிற்கிறாள். அவள் வாய் எங்கே இருக்கிறது என்றுகூட விரலால் காட்டுவேன். மூச்சு இழுப்பது கேட்கிறது. விம்மல் உடைவது கேட்கிறது. அடிக்குரல் என் அடிவயிற்றில் வந்து தட்டுகிறது. இடது பக்கம் பெட்டி, வலது பக்கம் பெட்டி, நடுவில் நான். ஆனால் நான் இங்கே அல்லவா நிற்கிறேன்? கையை நீட்டிப் பார்த்தேன். காற்றுதான். கண்ணகி என்னைக் கும்பிட்டாள். என்னையா அவளையா, தெரியவில்லை.

ஜரீனா பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றது. அழவில்லை. "ஒதறுது" என்றது. "பொட்டி ஒதறுது."

பாட்டு முடிந்ததும், "அந்தக் கேசட்ட எனக்குக் குடுங்க" என்று என்னைக் கேட்டது. என் குரலை இதுவரை யாருக்கும் பிடித்துக் கொடுத்ததில்லை. கவுஸ் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். கொடுத்தேன். விலை பேசி முடித்தோம். அவர் கேட்டதும் நியாயம், நாங்கள் குறைத்ததும் நியாயம்.

24.3.1999

மினி லாரியில் பெட்டி வந்து இறங்கியது. பானுப்ரியா துணியை மோந்து பார்த்து, "அப்பத்தா, சினிமா வாடை அடிக்குது" என்கிறாள்.

2.4.1999, வெள்ளி

வைரக்கண்ணு வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியைப் பார்த்தவன் அசந்துபோய்விட்டான், மறைக்கத்தான் பார்த்தான். அமுக்கினான். மோந்தான்.

"நல்ல சரக்கு. ஆனா ராசாத்தி, பொம்பளைங்க ஒயர் மாட்டிக் கிழிக்கவா? வெல சொல்லு, நானே எடுத்துக்குறேன். எஞ்செட்டுலயே பாடு. பழச மறந்துரு."

"எதை? எழுவத்தாறா, எம்பத்தெட்டா, போன மாசியா?"

அவன் செருப்பைத் தேய்த்தபடி போனான். டார்ச்சு பேட்டரி, டொப், முன்னால் வர வேண்டும். தினமும் காலையில் மூன்று பேரும் மாட்டிக் கழற்றிப் பழகுகிறோம். கண்ணகிக்கு ஒரு தடவை ஷாக் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாட்டினாள்.

9.5.1999, ஞாயிறு

முதல் சாவு, சொந்த செட்டில்.

ஆலத்தியூருக்குப் பக்கம். கல் லாரி வைத்திருந்தவர், அறுபது வயது. பந்தலுக்கு முன்னால் பெட்டி இரண்டையும் வைத்துவிட்டு ஒயர் இழுக்கும்போது பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கருவேல மரத்துக்கு அடியில் ஒருத்தி நிற்கிறாள். நாற்பது வயது இருக்கும். வெறும் கை. பக்கத்தில் யாரும் இல்லை. பந்தலில் இருந்த பெண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒருத்தியிடம் கேட்டேன். "அவளா? பதினஞ்சு வருசமா வச்சிருந்தாரு. உள்ள விட மாட்டாங்க" என்றாள்.

பந்தலைப் பார்த்து வைத்த இடது பெட்டியைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினேன். சம்பூர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் வந்து பிடித்தாள். கம்மலை மன்னித்துவிட்டேன்.

ஒரு பெட்டி திரும்பிவிட்டால் குரலில் நடுவே நிற்கிறவள் இனி நிற்க மாட்டாள், தெரியும். போகட்டும்.

இரண்டு அடி பாடியிருப்பேன். மூத்த மகன் வந்தான். "கெழவி, அது ஏன் அந்தப் பக்கம் பாக்குது? அங்க யாரு இருக்கா?"

"ஒங்கப்பனுக்குத் தெரியும்" என்றேன், மைக்கைப் பொத்திக்கொண்டு.

அவன் ஆம்ப்ளிபயரைத் தேடினான். அது கண்ணகி மடியில் இருந்தது. முந்தானையால் மூடி, மேலே இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் ஒரு பொம்பளை மடியில் கை வைத்து எதை அணைப்பான்? போய்விட்டான்.

ஒரு மணி நேரம் பாடினேன். அவள் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழுதாள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அங்கேதான் இருந்தாள்.

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது எங்கள் மூன்று பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. நாலாவதாக இரண்டு கை வந்து அடியில் பிடித்தது. அவள்தான்.

"என்னா கனங்க!" என்றாள்.

"தேக்கு. விட்டுராத" என்றேன்.