ஐந்தடி மூச்சு

லண்டன்,
9 நவம்பர் 1964

அன்புள்ள லயனலுக்கு,

டொராண்டோவிலிருந்து நீ போட்ட அட்டை போன வாரம் வந்து சேர்ந்தது. புது ஸ்டூடியோவில் பன்னிரண்டு ரெக்கார்டர் இருக்கிறதாமே. சந்தோஷம். இங்கே நம் அறை அப்படியேதான் இருக்கிறது. மூன்றாம் நம்பர் ரெக்கார்டர் இன்னும் இழுத்து இழுத்துத்தான் ஓடுகிறது. ஒரு ரேடியோ நாடகத்துக்கு எறும்புப் படை நடக்கிற சத்தம் வேண்டுமாம். உலர்ந்த தேயிலையைத் தகரத் தட்டில் உதிர்த்து, வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எறும்பு வரவில்லை, தேயிலைதான் வருகிறது.

அட்டையோடு பத்திரிகைத் துண்டு ஒன்றும் வைத்திருந்தாய். டெலிவிஷன் தொடரில் வந்த கடல் பூதத்தின் மூச்சை எப்படிச் செய்தீர்கள் என்று நிருபர் கேட்டாராம். வாக்குவம் க்ளீனர் குழாயையும் பால் பாட்டிலையும் வைத்துச் செய்தேன் என்று நீ சொன்னாயாம். நம் தலைவர் திரு. பெல்லிங் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதை உரக்கப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கையைப் பார்த்து எனக்கே கூசியது.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும் போலிருக்கிறது.

என் அப்பா முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்துக்காரர்களின் பேண்டில் கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதியவர். நெஞ்சில் கரித்தூள் அடைத்த பிறகு ஆறு வருஷம் அவர் அந்தக் குழலைத் தொடவில்லை. போன பிப்ரவரியில் நான் ரெக்கார்டரோடு பார்ன்ஸ்லிக்கு, எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அம்மா வற்புறுத்தி எடுக்க வைத்தாள். உதட்டில் வைத்து ஊதினார், நான் நாடாவில் பதிவு செய்தேன். ஸ்வரம் எழவில்லை. வெறும் மூச்சு, அதற்குள் நூல் போல ஒரு விசில். கடைசியில் அவர் விரல் மட்டும் பழக்கத்தில் மூன்று தடவை குழலின் பொத்தானை டக் டக்கென்று அழுத்தியது. பிறகு சிரித்துவிட்டார்.

“காத்துதான் வருது. இத யார்கிட்டயும் போட்டுக் காட்டாத, கண்ணு. பேண்டுக்காரனுங்க சிரிப்பானுங்க” என்றார். அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்கை உன் ஒருவனுக்காகத்தான் மீறினேன். ஒரு மத்தியானம் உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ தலையைக் குனிந்து கேட்டாய். இன்னொரு தடவை போடச் சொன்னாய். உன் மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். நாடாவைப் பெட்டியில் வைத்து, மேலே ‘வீட்டு நாடா, தொட வேண்டாம்’ என்று எழுதி, என் அலமாரியில் வைத்தேன். அலமாரியை நான் பூட்டியதே இல்லை. நம் அறையில் யார் பூட்டினார்கள்?

ஏப்ரலில் அப்பா போய்விட்டார். ஒன்பது நாள் நான் ஊரில் இருந்தேன். அந்த வாரம் உன் பாடு திண்டாட்டம். கடல் பூதத்துக்காக நீ செய்து காட்டிய நான்கு மூச்சையும், குளியல் தொட்டியில் தண்ணீர் இறங்குவது போல இருக்கிறது என்று தயாரிப்பாளர் தள்ளிவிட்டார். நீ போனில் புலம்பினாய். அப்பா இறந்த மூன்றாம் நாள், தெருமுனை போன் கூண்டில் நின்றுகொண்டு உனக்கு நான் தைரியம் சொன்னேன். பூதத்தின் மூச்சு முடிந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு வேலைப் பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கிறது. வியாழக்கிழமை நீ அடக்கத்துக்கு வந்தாய். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அத்தனை பாத்திரத்தையும் கழுவினாய். எனக்கு ஒரு சகோதரன் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஜூலையில் நீ கப்பலேறினாய். நீ அனுப்பிவைத்த அந்த மூச்சைக் கேட்டுத்தான் டொராண்டோவில் உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆகஸ்டில் தொடர் ஒளிபரப்பானது. அன்று சனிக்கிழமை, நான் அம்மாவோடு இருந்தேன். நம் அறையில் செய்த சத்தம், அம்மாவுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நானேதான் டெலிவிஷனைப் போட்டேன். பக்கத்து வீட்டு திருமதி க்ளெக்கும் வந்திருந்தாள். திரையில் மூடுபனி, ஒரு கலங்கரை விளக்கம். முதலில் மூன்று தட்டல். பிறகு அந்த மூச்சு. பின்னோக்கி ஓட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாய். எதைத் திருப்பி ஓட்டினாலும் என் காது தானாக நேராக்கிக்கொள்ளும், அதுதானே நம் பிழைப்பு. அடையாளம் தெரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. முப்பத்தாறு வருஷம் அந்த மூச்சின் பக்கத்தில் படுத்துத் தூங்கிய அம்மாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எழுந்து போய் டெலிவிஷனை அணைத்தாள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே திருமதி க்ளெக் கிளம்பினாள். அம்மா அவள் பின்னால் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அது உங்கப்பா” என்றாள்.

நான் செய்யவில்லை, லயனல்தான் எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான் என்று சொன்னேன்.

“அந்தப் புள்ள எம் பாத்திரத்தக் கழுவி வச்சிட்டுப் போனான். அவன் மேல பழியப் போடாத. நாடா உங்கிட்டதான இருந்துச்சு? இந்த வித்த தெரிஞ்ச கை உங்கைதான? அந்த மனுசன் யாரும் சிரிச்சிருவாங்கன்னு கூச்சப்பட்டாரு. நீ ஊரே பயப்படுற பூதமாக்கிட்டியேடி.”

மறுநாள் காலை என் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தேன். அப்பா போனதிலிருந்து அதுவரை எனக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை. நாடாவில் ஒட்டுப் போட்டிருந்தது. நான்கு நொடி, ஐந்தடி நீளம், காணவில்லை. லயனல், நீ ஒரு நகல்கூட எடுக்கவில்லை. மூலத்தையே வெட்டினாய். நகல் எடுக்க இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். இப்போது என்னிடம் இருப்பது அப்பாவின் சிரிப்பு மட்டும். எதற்குச் சிரிக்கிறார் என்பது அதில் இல்லை.

திரு. பெல்லிங்கிடம் சொல்லலாம் என்று அவர் கதவு வரைக்கும் போனேன். சொன்னால் எல்லோரும் கூடி அதைத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். வந்துவிட்டேன். மூன்று மாதம் உனக்கும் எழுதவில்லை, நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். வாக்குவம் க்ளீனர் கதைதான் வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரி ஆவேன். நீ செய்த வேலை அற்புதமாக இருக்கிறது. அந்த விசிலை நீ தூக்கி நிறுத்திய விதம் எனக்கு வந்திருக்காது. வெறும் திருடன் செய்ததாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அதை எடுத்திருக்கிறான்.

பத்திரிகைக்கு நீ எதையும் திருத்திச் சொல்ல வேண்டாம். உன் புது வேலைக்கு ஒரு குறையும் வராது, என் வாயிலிருந்து எதுவும் வெளியே போகாது. அம்மாவுக்கு ஒரு வரி எழுது. நீதான் எடுத்தாய், எனக்குத் தெரியாது என்று மட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அது உன் இஷ்டம்.

அங்கே குளிர் கடுமை என்கிறார்கள். நெஞ்சில் சளி கட்ட விடாதே. நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
மேவிஸ்

பி.கு.: அம்மாவின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உறையின் மேல் நீயே எழுது. என் கையெழுத்து இருந்தால் அவள் பிரிக்க மாட்டாள்.