யாருடைய கை என்று சொல்லாத ஐந்து கை

அனுப்புநர்:
வளர்ச்சி அட்டை எண் 417 உடைய
மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் தாய்,
மாடி வீடு, மருந்தகத் தெரு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
தாய் சேய் நலப் பிரிவு.

பொருள்: என் மகளின் வளர்ச்சி அட்டையில் எழுதப்பட்ட ‘தாயின் அலட்சியம்’ என்ற குறிப்பை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மகள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று மாதங்களுக்கு முன் எடை பார்க்கப் போனபோது, மகள் காய்கறியும் பழமும் போதிய அளவு சாப்பிடுவதில்லை என்று செவிலியர் அம்மா சொன்னார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். தன் கையைக் குவித்துக் காட்டி, “ஒரு நாளைக்கு அஞ்சு கை. அவ்வளவுதாம்மா, இது என்ன பெரிய வித்தையா?” என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாருடைய கை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்கியவள்தான், தோன்றவில்லை.

2. அன்று முதல் என் கையால் அளந்தேன். காலையில் பப்பாளி ஒரு கை, பத்து மணிக்கு வேகவைத்த கேரட் ஒரு கை என்று தொடங்கினால் ஐந்தாவது கை முடிய இரவு ஒன்பதாகிவிடும். கதை சொன்னேன், கெஞ்சினேன், மிரட்டினேன். ஒரு முறை மூக்கைப் பிடித்து ஊட்டினேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மறைத்தால் மனு பொய்யாகிவிடும்.

3. வயிறு காயாலும் பழத்தாலும் நிறைந்துவிட்டதால் சோறு, பருப்பு, முட்டை எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. நான் தட்டோடு வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இரவுக் காவல் வேலை பார்க்கும் என் கணவர், “விடேன், பசிச்சா தானா கேப்பா” என்று பலமுறை சொன்னார். நான் விடவில்லை.

4. சென்ற வியாழக்கிழமை எடை பார்த்தபோது ஒரு கிலோ குறைந்திருந்தது. செவிலியர் அம்மா என்னை எதுவும் கேட்காமல் சிவப்பு மையால் அந்தக் குறிப்பை எழுதினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த தையல்காரப் பெண் விசாரித்துவிட்டு, “ஐயோ அக்கா, புள்ளைக்குப் புள்ள கைதான் அளவு! உங்க கையால அளந்தா யானைக்குட்டிதான் திங்கும்” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மகளின் கையை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பாதிகூட இல்லை.

5. பிழை என்னுடையதுதான். ‘அலட்சியம்’ என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேலும், என் அலுவலகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் இந்தக் குறிப்புள்ள அட்டையை ஏற்க மறுக்கிறார்கள். நான் எடுத்திருக்கும் நீண்ட விடுப்பு முடிகிறது; வரும் திங்கட்கிழமைக்குள் அவளைச் சேர்க்காவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

ஆகவே, அக்குறிப்பை அடித்துவிட்டு, ‘அளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது’ என்று எழுத உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். அளவு சொல்லும்போது குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டும்படி செவிலியர்களிடமும் சொல்லுங்கள்.

இன்று அவளுக்கு இரண்டே துண்டு கேரட் வைத்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி அவளை எப்படிச் சாப்பிட வைப்பது என்று தெரிந்தவர் உங்கள் பிரிவில் இருந்தால், அதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், ஐயா.

இடம்: மருந்தகத் தெரு
நாள்: 9, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
அட்டை எண் 417-இன் தாய்